கெடிலம் முதல் கொள்ளிடம் வரை: ஒரு ஏட்டம்மாவின் பணிக் குறிப்புகள்

காவல் நிலையத்துக்கு முதல் தடவையாக வருகிறவர் நேராக உள்ளே வரமாட்டார். எதிர் டீக்கடையில் நின்று யார் யார் போகிறார்கள், வருகிறார்கள் என்று பார்ப்பார். தெரிந்த கட்சிக்காரரோ வக்கீல் குமாஸ்தாவோ தென்படுவாரா என்று தேடுவார். கடைசியில் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, பாரா நிற்கிற காவலரிடம் தணிந்த குரலில் "ஐயா இருக்காங்களா?" என்பார். "வாங்கம்மா, உட்காருங்க, என்ன விஷயம்?" என்று கேட்கிற பாரா காவலரும் உண்டு. "ஐயா ரவுண்ட்ஸ் போயிருக்கார், சாயங்காலம் வா" என்று திருப்பி அனுப்புகிறவரும் உண்டு. திருப்பி அனுப்பப்பட்டவர் பெரும்பாலும் சாயங்காலம் வருவதில்லை. அதற்கப்புறம் அவர் தெருவில் எது நடந்தாலும் நமக்குச் சொல்வதும் இல்லை. ஊர்ப் பாதுகாப்பைப் பற்றி நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி அந்த வாசலில் கற்றுக்கொண்டதுதான்.

இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்து சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவள் நான். பணிக்காலத்தின் பெரும்பகுதி கடலூர் மாவட்டத்திலேயே கழிந்தது. 1993-ல் தென்னாற்காடு இரண்டாகப் பிரிந்தபோது உருவான மாவட்டம் இது. வடக்கே பெண்ணையாற்றைத் தாண்டினால் சிறிது தூரத்தில் புதுச்சேரி எல்லை, தெற்கே சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடம், கிழக்கே கடல். சட்டம் ஒழுங்கு நிலையம், மகளிர் நிலையம், திரும்பச் சட்டம் ஒழுங்கு என்று மாறி மாறி வேலை பார்த்தேன். முதுநகர்ப் பக்கம் என்னை "ஏட்டம்மா" என்பார்கள். சிதம்பரத்தில் பூக்கடைக்காரப் பெண்களுக்கு நான் "அக்கா".

புகார் வாங்குவதிலிருந்தே சொல்கிறேன். காகிதம் கைக்கு வந்ததும் அதற்கு சி.எஸ்.ஆர். (சமூகப் பணிப் பதிவேடு) ரசீது போட்டுக் கொடுக்க வேண்டும். கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். நடைமுறையில் ரைட்டர் மேசைக்கு முன்னால் நடப்பது வேறு. எஃப்.ஐ.ஆர். எண்ணிக்கை கூடினால் மாதாந்திரக் குற்ற ஆய்வுக் கூட்டத்தில் இன்ஸ்பெக்டர் எழுந்து நிற்க வேண்டும். "உன் லிமிட்ல ஏன் இத்தனை கேஸ்?" என்பதுதான் அங்கே முதல் கேள்வி. அந்தக் கேள்விக்குப் பயந்து செயின் பறிப்பு "தவறி விழுந்தது" ஆகிறது, வண்டித் திருட்டு "தேடிப் பாருங்க" ஆகிறது. கணக்கில் ஊர் அமைதியாக இருக்கும். தெருவில் பெண்கள் ஏழு மணிக்கே கதவைச் சாத்திக்கொள்வார்கள். எண்ணிக்கை கூடிய நிலையத்தைத் திட்டுவதை நிறுத்தாதவரை இந்தத் துறையில் வேறு எதைத் திருத்தினாலும் பயன் கொஞ்சமாகத்தான் இருக்கும் என்பது என் உறுதியான கருத்து. புகார் கூடுகிறதென்றால் மக்கள் அந்த நிலையத்தை நம்ப ஆரம்பித்திருக்கிறார்கள் என்றும் அதற்கு அர்த்தம் உண்டு.

அடுத்தது பீட், அதாவது தனக்கென்று ஒதுக்கிய தெருக்களைக் காவலர் சுற்றி வருவது. என் தொழிலில் எனக்குப் பிடித்த பகுதி அது. சிதம்பரத்தில் கோயிலைச் சுற்றி நான்கு தேர் வீதிகள். கீழ வீதியில் ஆரம்பித்து ஒரு சுற்று வர அதிக நேரம் ஆகாது, நின்று பேசாமல் நடந்தால். நின்று பேசுவதுதான் வேலை. ரோந்துக்கான பட்டா புத்தகத்தில் நேரம் போட்டுக் கையெழுத்து வைப்பது நாம் வந்து போனதற்குச் சாட்சி. பூட்டிய கடையின் ஷட்டரைத் தட்டிப் பார்ப்பது, ஏ.டி.எம். காவலாளி சாப்பிட்டாரா என்று கேட்பது, லாட்ஜ் ரிசப்ஷனில் பதிவேட்டைப் புரட்டுவது, இட்லிக் கடை ஆயாவிடம் "இன்னிக்கு யாரு புதுசா?" என்று விசாரிப்பது எல்லாம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. ஆனால் "அந்த மெரூன் கலர் பைக்கு மூணு நாளா இந்த வழியா சும்மா போய்ட்டுப் போய்ட்டு வருதுக்கா" என்று ஒரு பூக்காரி சொன்னாளே, அது எந்தப் பதிவேட்டை விடவும் எனக்குப் பெரிது. அன்றைக்கே அந்த வண்டியை நிறுத்தினோம். நம்பர் பிளேட் போலி. நகை போவதற்கு முன்பே நின்றுபோன ஒரு திருட்டுக்கு வழக்கு எண் கிடையாது, பாராட்டுச் சான்றும் கிடையாது.

ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ராவுக்கும் தேர் ஓடுகிற நாளில் அந்த வீதிகளில் நிற்க இடம் இருக்காது. மைக்கில் நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது, "தாலிச் சங்கிலியைச் சேலையோட சேர்த்து ஊக்கு போட்டுக்குங்க, பிள்ளைங்க கையை விடாதீங்க" என்பதுதான். சொன்னதோடு நிற்காமல் ஊக்கு அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு நாங்களே குத்திவிடுவோம். குழந்தைகள் கையில் அப்பா அம்மா போன் நம்பரை எழுதிப் பட்டையாகக் கட்டிவிடுவோம். பத்து ரூபாய் ஊக்கு அட்டை தடுக்கிற குற்றத்தை அப்புறம் ஒரு தனிப்படை போட்டுத் தேடினாலும் முழுசாக மீட்க முடியாது. கூட்டத்தில் சங்கிலி அறுக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள், குழுவாக வருவார்கள், ஒருத்தி அறுக்க அடுத்தவள் கைக்குப் போய்விடும். அவர்களைக் கண்டுபிடிக்க, கூட்டத்தில் சாதாரணச் சேலையில் நிற்கிற பெண் காவலர் வேண்டும், சாமியைப் பார்க்காமல் கைகளைப் பார்க்கத் தெரிந்தவராக.

இதெல்லாம் ஊருக்கு நடுவில் நடப்பது. ஊரின் ஓரத்தில் என்ன நடந்தது என்பதை எழுதாமல் இந்த மாவட்டத்துக் காவலைப் பற்றி எழுத எனக்கு உரிமை கிடையாது.

1992-ல் அண்ணாமலை நகர் காவல் நிலையத்துக்குத் திருட்டுச் சந்தேகத்தில் கொண்டுவரப்பட்ட ஒருவர் காவலில் இறந்தார். அவருடைய மனைவி அங்கேயே போலீஸ்காரர்களால் பாலியல் கொடுமைக்கு ஆளானார். அடுத்த வருடமே, விருத்தாசலத்துக்குப் பக்கத்து முதனை கிராமத்து ராஜாகண்ணுவை நகைத் திருட்டு என்று கம்மாபுரம் போலீசார் பிடித்துப் போனார்கள். அவர் உயிரோடு திரும்பவில்லை. அவர் மனைவிக்காக வழக்கறிஞர் சந்துரு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார். 2021-ல் 'ஜெய் பீம்' படமாக உலகம் பார்த்த கதை அது. 2003-ல் புதுக்கூரைப்பேட்டையில் கண்ணகி, முருகேசன் என்ற இளம் தம்பதி, சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்டதற்காக விஷம் கொடுத்துக் கொல்லப்பட்டார்கள். பையன் வீட்டார் கொடுத்த புகாரை நிலையத்தில் வாங்கவில்லை. பிறகு போட்ட வழக்கிலோ இறந்தவனுடைய சொந்தக்காரர்களையே குற்றவாளிகளாகச் சேர்த்தார்கள். விசாரணை சி.பி.ஐ.க்குப் போய், 18 வருடம் கழித்து 2021-ல் கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது. அதில் இரண்டு பேர் அன்றைக்கு அந்த நிலையத்தில் பொறுப்பிலிருந்த போலீஸ் அதிகாரிகள். மேல்முறையீட்டில் இரண்டு பேர் விடுபட்டாலும், மற்றவர்கள் குற்றவாளிகள் என்பதை 2025-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது.

நான் போட்டிருந்த காக்கியும் அதே காக்கிதான். பிச்சாவரம், கிள்ளைப் பக்கம் உப்பங்கழியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கிற இருளர் குடியிருப்புகள் உண்டு. எங்கள் ஜீப் வரப்பில் திரும்பும்போதே ஆண்கள் கழிக்குள் இறங்கிவிடுவார்கள். கண்டுபிடிக்க முடியாத திருட்டுக்கெல்லாம் பிடித்துக்கொண்டு போய்க் கணக்குத் தீர்ப்பதற்கு வசதியான ஆட்களாக அவர்களை எத்தனை காலம் வைத்திருந்தோம் என்பது அவர்களுக்குத் தெரியும். அங்கே போய்க் கூட்டம் போட்டு "போலீஸ் உங்கள் நண்பன்" என்று பேசினால் யார் நம்புவார்?

கூட்டம் போடுவதற்குப் பதிலாக, ஜீப் இல்லாமல் போனேன். டூ வீலரில் ஒரு பெண் காவலரோடு போய், யாரையும் தேடாமல், எவன் பெயரையும் கேட்காமல் சும்மா உட்கார்ந்து வந்தேன். முதலில் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒரு கிழவி, நண்டு கழுவிக்கொண்டே, "எதுக்கு வர்றே தாயி, யாரைப் புடிக்க?" என்று கேட்டாள். யாரையும் பிடிக்க வரவில்லை என்றேன். அவள் நம்பவில்லை. சாதிச் சான்றுக்கு முகாம் போடுகிறார்கள் என்று வருவாய்த் துறையில் கேட்டு வந்து சொன்னேன், அது கொஞ்சம் உதவியது. பல மாதம் போனபின் ஒருநாள் அதே கிழவி, மருமகள் கையைப் பிடித்து என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். மகன் மரம் வெட்டப் போயிருக்கிறான், முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போனவர்கள் திருவிழாவுக்குக்கூட அனுப்பவில்லை, போனைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்றாள். ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "இதச் சொன்னதுக்கு எங்கள ஏதும் பண்ண மாட்டாங்களே?" என்று கேட்டாள். 1976-லேயே கொத்தடிமை முறையை ஒழித்துச் சட்டம் வந்துவிட்டது. மனுவை வாங்கி, சார் ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பினோம், அங்கிருந்து அதிகாரிகள் போனார்கள். அந்தப் பையனும் கூட இருந்த குடும்பங்களும் விடுதலைச் சான்றோடு ஊர் திரும்பினார்கள். அந்தக் குடியிருப்பிலிருந்து நிலையத்துக்கு ஒருவர் தானாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தது அதற்கு அப்புறம்தான்.

1993-ல் ராமநாதபுரம் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் 'காவல்துறை நண்பர்கள்' அமைப்பை ஆரம்பித்தார். பிறகு அது மாநிலம் முழுக்கப் பரவியது. நோக்கம் அருமையானது. இரவு ரோந்தில், திருவிழாக் கூட்டத்தில், வெள்ளத்தில் எங்களோடு நின்ற நல்ல இளைஞர்களை எனக்குத் தெரியும். ஆனால் யாரைச் சேர்ப்பது என்பதில் பல இடங்களில் கவனம் தவறியது. நிலையத்தில் செல்வாக்கு வேண்டும் என்று நினைப்பவர் முதலில் விண்ணப்பம் போடுவார். அடையாள அட்டை, டி-ஷர்ட் கைக்கு வந்ததும் கையில் லத்தியும் வந்துவிடும். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் கொல்லப்பட்டபோது இந்த அமைப்பின் மீதும் குற்றச்சாட்டு எழுந்து, அடுத்த மாதமே அரசு அதைத் தடை செய்தது. தடை சரிதான். அதிகாரம் இல்லாதவருக்குச் சீருடையின் சாயல் கொடுக்கக் கூடாது. அதற்காக மக்களோடு சேர்ந்து வேலை செய்வதையே விட்டுவிடவும் கூடாது. குழு அமைத்தால் அதில் தலித் காலனியிலிருந்து ஆள் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பேசுவது மட்டும்தான் அவர்கள் வேலை என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

கடற்கரை இன்னொரு உலகம். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, சோனாங்குப்பம், தாழங்குடா என்று ஒவ்வொரு ஊருக்கும் பஞ்சாயத்து உண்டு, கட்டுப்பாடு உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் போனார்கள். அந்த நாட்களில் பிணங்களை அடையாளம் காட்டியதிலிருந்து நிவாரணப் பொருளை அடிதடி இல்லாமல் பிரித்ததுவரை ஊர்ப் பஞ்சாயத்து இல்லாமல் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது. 2011-ன் கடைசியில் தானே புயல் அடித்தபோதும், 2015 நவம்பரில் பெருமழை பெரியகாட்டுப்பாளையத்தில் உயிர்களை அடித்துக்கொண்டு போனபோதும் ஊர்க்காரர்கள்தான் முதலில் கயிறோடு இறங்கினார்கள்.

அதே ஊர்க் கட்டுப்பாடு மறுபக்கம் திரும்பினால் பயங்கரம். சுருக்குமடி வலையைத் தமிழக அரசு 2000-லேயே தடை செய்தது. பெரிய முதல் போட்டவர்கள் அதை விடவில்லை, சின்னப் படகுக்காரர்களுக்கு மீன் கிடைக்கவில்லை. 2018-ல் தேவனாம்பட்டினத்துக்காரர்களுக்கும் சோனாங்குப்பத்துக்காரர்களுக்கும் நடந்த மோதலில் உயிர் போனது. 2020 ஆகஸ்டில் தாழங்குடாவில் தேர்தல் பகையில் ஒரு கொலை நடந்து, படகுகளும் வண்டிகளும் எரிந்தன. இந்த மாதிரிச் சண்டைகள் எதுவும் திடீரென்று வருவதில்லை. வலை பழுது பார்க்கிற இடத்தில் பேச்சு மாறும். இரண்டு ஊர்ப் பிள்ளைகள் ஒரே பஸ்ஸில் ஏறமாட்டார்கள். மீன் விற்கிற அம்மாக்கள் வழக்கமான இடத்தில் கூடை இறக்கமாட்டார்கள். இதையெல்லாம் பார்க்கிற காவலர் ஒருவர் அங்கே மூன்று வருடமாவது தொடர்ந்து இருந்தால், மீன்வளத் துறையையும் வருவாய்த் துறையையும் உட்காரவைத்து அமைதிக் கூட்டம் போட நேரம் கிடைக்கும். புதிதாக மாற்றலாகி வந்தவருக்கு இரண்டு ஊரும் ஒரே மாதிரிதான் தெரியும்.

சாராயமும் அப்படித்தான். ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் எத்தனை வண்டி மறித்தாலும் புதுச்சேரிச் சரக்கு வயல் வழியாக, ஆற்று வழியாக வரும். எங்கே இறங்குகிறது, யார் விற்கிறார் என்பது அந்தத் தெருப் பெண்களுக்குத் துல்லியமாகத் தெரியும். அவர்கள் சொல்லாததற்கு ஒரே காரணம், காலையில் சொன்னது மத்தியானமே விற்கிறவன் காதுக்குப் போய்விடும் என்ற பயம். 2023 மே மாதம் பக்கத்து மரக்காணத்தில் மெத்தனால் கலந்த சாராயம் உயிர்களைக் குடித்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தத் தெருக்களிலும் முன்கூட்டியே தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள். தகவல் சொன்னவர் பெயர் வெளியே போனால் சொன்ன பெண்ணுக்குக் கத்திக்குத்து, சொல்லாமல் இருந்தால் கணவனுக்குச் சாவு என்றிருக்கிற நிலையில் அவர்களை நாம் நிறுத்தக் கூடாது. தகவல் கொடுத்தவர் பெயரைக் கசியவிட்ட போலீஸ்காரருக்கு, லஞ்சம் வாங்கியவருக்குக் கொடுப்பதைவிடக் கடுமையான தண்டனை கொடுக்க வேண்டும்.

இப்போது எல்லாத் தெருவிலும் கேமரா வந்துவிட்டது. நல்லதுதான், துப்புத் துலக்க உதவுகிறது. நிலையத்துக்குள்ளும் கேமரா வைத்து 18 மாதப் பதிவைப் பாதுகாக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதை நான் இன்னும் முக்கியமாக நினைக்கிறேன். அது காவலரையும் காப்பாற்றும். ஆனால் கல்லூரிக்குப் போகிற காலனிப் பெண் பிள்ளைகளைச் சாயங்காலப் பஸ்ஸில் சீண்டுகிறார்கள் என்பது எந்தக் கேமராவிலும் தெரியவில்லை. ஒரு தாய் சொல்லித்தான் தெரிந்தது. தினமும் நாலரை மணிக்கு அந்த நிறுத்தத்தில் ஒரு பெண் காவலரை நிறுத்தினோம். கண்டக்டரிடம் பேசினோம். சீண்டிய பையன்களின் வீட்டுக்குப் போய் அப்பா அம்மாவை வைத்துச் சொன்னோம். அந்தப் பிள்ளைகள் படிப்பை நிறுத்தவில்லை.

நாலரை மணிக்கு நிறுத்த ஆள் வேண்டுமே, அதுதான் சிக்கல். நிலையத்தில் பெயருக்கு இருக்கிற ஆட்களில் ஒரு பகுதி கோர்ட் டியூட்டி, ஒரு பகுதி கைதி வழிக்காவல், மிச்சம் பந்தோபஸ்து. மந்திரி வருகிறார் என்றால் பீட் காலி. வெயிலில் சாலையோரம் மணிக்கணக்காக நின்று, கழிப்பறைக்கு வழியில்லாமல் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திய பெண் காவலர்களில் நானும் ஒருத்தி. 2021-ல் முதல்வரின் பயணப் பாதையில் பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று உத்தரவு வந்தபோது எங்கள் மெஸ்ஸில் கைதட்டினார்கள். அந்த உத்தரவின் மனசு பீட் வேலைக்கும் வர வேண்டும். தெருவுக்கென்று ஒதுக்கிய காவலரைப் பந்தோபஸ்துக்கு இழுக்கக் கூடாது, மூன்று வருடத்துக்கு முன்னால் மாற்றக் கூடாது. மாற்றினால், புதிதாக வருபவரைப் பழைய காவலர் கூட்டிப்போய் வீட்டுக்கு வீடு அறிமுகம் செய்ய வேண்டும். பொறுப்பு ஒப்படைக்கும்போது துப்பாக்கியும் தோட்டாவும் எண்ணி வாங்குகிறோம். தெருவையும் அப்படி வாங்க வேண்டும்.

கடலூரிலும் சிதம்பரத்திலும் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவுக்கு எந்தக் காவலர் என்று நிலையத்தில் போய்க் கேளுங்கள், பெயரையும் நம்பரையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புகார் கொடுத்தால் ரசீது இல்லாமல் வெளியே வராதீர்கள். எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம், அது உங்கள் உரிமை. எந்த ஊரில் நடந்த குற்றமாக இருந்தாலும் எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம் என்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிற புதிய சட்டம் சொல்கிறது. பெண்களையும், 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட, 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும் சாட்சி விசாரணைக்கு நிலையத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அவர்கள் வீட்டுக்குத்தான் போலீஸ் வர வேண்டும். நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால், அதையே எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். கூட வர ஆளில்லாத பக்கத்து வீட்டுக்காரர் யாராவது புகாரோடு நின்றால், அவருக்குத் துணையாக ஒருமுறை நிலையம்வரை போய் வாருங்கள்.